சால்மன் எண்ணும் வேலைக்கு மட்டக்களப்பில் பயிற்சி: கட்டணத்துக்குத் தகுந்ததா?

மட்டக்களப்பு நகரில் இயங்கும் ஒரு தனியார் பயிற்சி நிலையம் மீன்வளக் கண்காணிப்புக் கள உதவியாளர்களுக்கான குறுகிய காலப் பயிற்சியொன்றை நடத்துகிறது. பயிற்சி முடித்தவர்களுக்கு வாவியிலும் கரையோரத்திலும் நடக்கும் மீன்வள ஆய்வுத் திட்டங்களில் பருவகால வேலை பெற்றுத் தருவதாகவும், ஆங்கிலம் நன்கு தெரிந்தவர்களை அலாஸ்காவிலும் கனடாவின் மேற்குக் கரையிலும் சால்மன் மீன்களைக் கணக்கெடுக்கும் வேலைகளுக்கு அனுப்பிவைப்பதாகவும் அதன் துண்டுப்பிரசுரம் சொல்கிறது. விலங்கியல் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரச நியமனத்துக்காகக் காத்திருப்போர் நம் மாவட்டத்தில் குறைவில்லை என்பதால், அந்தப் பிரசுரத்தைப் பார்த்து வந்து சேர்ந்தவர்களும் குறைவில்லை. நானும் அவர்களில் ஒருவனாகப் பயிற்சியை முடித்து, அதன்வழி கிடைத்த வாவிக்கரை வேலையையும் ஒரு பருவம் பார்த்தேன். நிலையத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதே வாக்குறுதியோடு நாளை வேறெவர் வந்தாலும் எதையெதைக் கேட்டுப் பார்க்கவேண்டும் என்பதுதான் வாசகருக்கு உதவும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உள்ளூர்ப் பயிற்சிக்குக் கட்டும் பணம் வீண்போகாது, சால்மன் வேலைக்கென்று தனியாகக் கேட்கும் பணத்தைக் கட்டவேண்டாம்.

கட்டணம் இரண்டு கூறுகளாக அறவிடப்படுகிறது. முதற்கூறு பயிற்சிக்கும் கருவிப் பொதிக்கும் உரியது. நடுத்தரக் குடும்பமொன்று சற்று முயன்றால் கட்டிவிடக்கூடிய தொகை அது, தவணையிலும் ஏற்றுக்கொள்கிறார்கள். இரண்டாம் கூறு 'வெளிநாட்டு இணைப்புக் கட்டணம்' எனப்படுகிறது. இது முதற்கூற்றைப்போல் பல மடங்கு, தவணை கிடையாது, பற்றுச்சீட்டில் 'நிர்வாகச் செலவு' என்று மட்டும் எழுதித் தருகிறார்கள். அது என்ன செலவு, எவருக்குச் செலுத்தப்படுகிறது, வேலை கிடைக்காவிட்டால் பணம் எப்போது திரும்பும் என்ற மூன்றுக்கும் அந்தச் சீட்டில் விடையில்லை.

வகுப்பறையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மின்விசிறி சுழல்கிறது, கதிரைகள் போதுமானவை, மதியச் சாப்பாடு சுமார். பாடக்குறிப்புகள் ஆங்கிலத்திலும் விளக்கம் தமிழிலும் இருக்கின்றன. குறை என்று சொல்வதானால், மீன் இனங்களை அடையாளம் காட்டும் படக்கையேடு தமிழ்நாட்டில் அச்சானது. நம் கரையில் மணலை என்று கூறுகட்டி விற்கும் மீன் அதில் மடவை என்று இருக்கிறது. இறங்குதுறையில் நின்றுகொண்டு அந்தக் கையேட்டை வாசித்துக் கேள்வி கேட்டால் மீனவர்கள் நம்மை வெளியூரார் என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஊர்ப்பெயரைப் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நிலையம் இதைத் தானே அச்சிட்டுத் தந்திருக்கலாம்.

இந்தச் சேவையின் பெறுமதி முழுவதும் களப்பயிற்சியில் இருக்கிறது. அதை நடத்துபவர் மீன்வளத் துறையில் நீண்டகாலம் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒருவர். முதல் நாளே அவர் முகத்துவாரத்துக்கு அண்மையில் உள்ள இறங்குதுறைக்கு எங்களை அழைத்துச் சென்று, ஒரேயொரு மணலையை விலைகொடுத்து வாங்கி, அளவுப்பலகையில் வைத்து ஒவ்வொருவராக அளக்கச் சொன்னார். அளந்தவர் தம் எண்ணைப் பிறருக்குக் காட்டாமல் தாளில் எழுதி மடித்துக் கொடுக்கவேண்டும். எல்லாத் தாள்களையும் விரித்து வாசித்தபோது, செத்துக் கிடந்த ஒரே மீனின் நீளம் ஒருவருக்கொருவர் ஒரு சென்றிமீற்றருக்கும் கூடுதலாக வேறுபட்டிருந்தது. ஒருவர் மீனின் வாயைத் திறந்தபடி விட்டிருந்தார். ஒருவர் வாலை இரு விரலால் ஒடுக்கிப் பிடித்து நுனிவரை அளந்திருந்தார். இன்னொருவர் வாற்செட்டையின் கவட்டோடு நிறுத்திக்கொண்டார். வேறொருவர் பலகைக்கு நேரே குனியாமல் பக்கவாட்டில் நின்று எண்ணை வாசித்திருந்தார். மீனின் மூக்குநுனி பலகையின் நிமிர்ந்த முனையில் முட்டவேண்டும், வாய் மூடியிருக்கவேண்டும், உடல் வளையக்கூடாது, முழு நீளமா கவட்டு நீளமா என்பதைத் தாளின் தலைப்பிலேயே எழுதவேண்டும் என்ற விதிகளை அதன்பிறகு அவர் சொன்னபோது எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. நூற்றுக்கணக்கான மீன்களின் நீளத்தை வைத்தே ஒரு நீர்நிலையில் குஞ்சுமீன் எவ்வளவு பிடிபடுகிறது, பெருமீன் குறைந்துவருகிறதா என்று கணிக்கிறார்கள் என்னும்போது, அந்த ஒரு சென்றிமீற்றர் சிறிய விடயமன்று.

இறாலுக்கும் நண்டுக்கும் அளவு வேறு. இறாலில் கண்குழியின் பின்விளிம்பிலிருந்து தலையோட்டின் பின்னோரம்வரை அளக்கவேண்டும். வால் சுருண்டுகொள்வதால் முழுநீளம் நம்பத்தக்கதன்று. நண்டில் ஓட்டின் இருபக்க முட்களுக்கு இடையேயான அகலம் அளக்கப்படுகிறது. சினைநண்டு என்றால் அதைத் தனி நிரலில் குறிக்கவேண்டும். கொடுவாவைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் புதிது அல்லவென்றாலும், கரையில் மீனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபோது அதன் கனம் கூடியது. கொடுவா முதலில் ஆணாகவே முதிர்ந்து, வளர்ந்து பெரிதான பிறகு பெண்ணாக மாறுகிற இனம். பெரிய கொடுவாவையே தேடித் தேடிப் பிடிக்கும் ஓரிடத்தில் குறைவது முட்டையிடும் பெண்மீன்கள்தான். இது கரையில் விழும் மொத்த எடையில் தெரியவராது, நீள அட்டவணையில்தான் தெரியும்.

மீனின் வயிற்றைக் கீறிச் சினைநிலை பார்ப்பது பயிற்சியின் மற்றொரு பகுதி. இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. கீறிய மீனை வியாபாரி வாங்கமாட்டார். ஆகவே கீறுவதற்கான மீனை நாம்தான் விலைகொடுத்து வாங்கவேண்டும். பயிற்சிக்காலத்தில் அந்தச் செலவை நிலையமே ஏற்றது, அதைப் பாராட்டவேண்டும். வேலைக்குப் போன பிறகு அச்செலவை எவர் தருவார் என்று ஒப்பந்தம் எழுதும்போதே கேட்டுவையுங்கள். நாங்கள் கேட்கவில்லை என்றால் அந்த வரி ஒப்பந்தத்தில் வந்திராது.

அளப்பதைவிடக் கடினமானது பேசிக் கேட்பது. எத்தனை வலை, கண் எத்தனை அங்குலம், எத்தனை மணிக்குப் போட்டது, எத்தனை மணிக்கு இழுத்தது, தோணியில் எத்தனை பேர் என்ற கேள்விகளுக்கு, விடிய விடிய வாவியில் நனைந்துவிட்டு வந்து ஏலக்காரரோடு விலை பேசிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் பதில் வாங்குவது எளிதன்று. மூத்த மீனவர் ஒருவர் எங்கள் தாளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் எழுதிக்கொண்டு போய் ஆருக்கு மனே குடுக்கப் போறீங்க? நாளைக்கு வலையைப் பறிக்க வாறவனுக்கா?” என்று கேட்டார். பயிற்றுநர் தாளை அவர் கையிலேயே கொடுத்து, “பெயர் எங்கேயாவது இருக்குதா பாருங்க அண்ணன்” என்றார். பெயருக்கான இடமே அந்தத் தாளில் இல்லை. தடைசெய்யப்பட்ட தங்கூசி வலை (ஒற்றையிழை நைலோன் வலை) தோணிக்குள் கிடந்தாலும் தரவு சேகரிப்பவர் அதைத் தங்கூசி வலை என்று பதிவுசெய்வாரே தவிர, அது எவருடையது என்று எழுதுவதில்லை; சட்டத்தைச் செயற்படுத்துவது கடற்றொழில் பரிசோதகரின் வேலை, இரண்டையும் ஒருவரே செய்யப் புகுந்தால் அடுத்த நாள் அந்தத் துறையில் உண்மை பேச எவரும் இருக்கமாட்டார்கள். இந்த எல்லையை இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுத்ததற்காகவே முதற்கூற்றுக் கட்டணத்தைக் கொடுக்கலாம்.

அவர் வற்புறுத்திய இன்னொன்று, வெறுந்தோணியைப் பதிவது. மீன் கிடைத்தவர்கள் துறைக்கு வந்து ஏலத்தில் நிற்பார்கள். ஒன்றும் படாதவர்கள் தோணியைச் சற்று அப்பால் கட்டிவிட்டு வீட்டுக்கு நடந்துவிடுவார்கள். துறையில் நிற்பவர்களை மட்டும் எழுதினால் வாவியில் மீன் எப்போதும் நிறைந்திருப்பதாகவே தாள் சொல்லும். ஒரு வலைக்கு, ஓர் இரவுக்கு எவ்வளவு மீன் என்று வகுத்துப் பார்ப்பதில்தான் ஒரு நீர்நிலையின் நிலை தெரிகிறது. வகுக்கும்போது வெறும் வலைகளும் கணக்கில் நிற்கவேண்டும். வீட்டுக்கு நடந்துகொண்டிருப்பவரை வழிமறித்து, “அண்ணன், இண்டைக்கு ஒண்டும் படல்லையா?” என்று கேட்பதற்கு நாக்கு கூசுகிறது. கேட்கத்தான் வேண்டும்.

இனி சால்மன் வகுப்புக்கு வருகிறேன். இதை நடத்தியவர் நிலையத்தின் நிர்வாகி. திரையில் படங்களை ஓட்டி, அவற்றின் கீழ் இருந்த ஆங்கில வாசகங்களை வாசித்தார். சால்மனை உயிரோடு கண்டவர் அந்த அறையில் எவருமில்லை. நம் வீடுகளில் சமன் டின் என்று வாங்கும் தகரத்துக்குள் இருப்பதும் பெரும்பாலும் மெக்கரல் வகை மீன்தான். ஆயினும் வகுப்பின் உள்ளடக்கம் பிழையானதன்று. பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து அதை இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஏனெனில் அந்த வேலை என்னவென்று சரியாகப் புரிந்துகொண்டவருக்கு அது ஏன் இந்த வழியாகக் கிடைக்காது என்பதும் விளங்கிவிடும்.

பசிபிக் சால்மன் ஆற்றில் பொரித்து, கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி, முட்டையிட்டதும் இறந்துபோகும் மீன். வட அமெரிக்காவில் சின்னூக், சொக்கை, கோஹோ, பிங்க், சம் என்று ஐந்து இனங்கள் உண்டு. வாழ்வின் முடிவில் அவை அனைத்தும் ஓர் ஆற்றின் ஒடுங்கிய இடத்தைக் கடந்தே ஆகவேண்டும் என்பதால், அங்கே காவல் இருந்தால் அவற்றை எண்ணிவிடலாம். சில ஆறுகளில் ஆற்றின் குறுக்கே கம்பி வேலி கட்டி ஒரு வாயிலை மட்டும் திறந்து வைத்து, அதன்வழி போகும் மீனைக் கைவிரலால் அழுத்தும் எண்ணியால் கணக்கிடுகிறார்கள். அலாஸ்காவில், தெளிந்த நீர் ஓடும் பிரிஸ்டல் விரிகுடாப் பகுதி ஆறுகளில் கரையோரம் கோபுரம் அமைத்து, ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு கரையிலும் பத்து நிமிடம் எண்ணி, அதை ஆறால் பெருக்கிக்கொள்கிறார்கள். யூக்கோன் போன்ற கலங்கிய பேராறுகளில் ஒலியலைக் கருவி அந்த வேலையைச் செய்கிறது. போதிய மீன் முட்டையிட மேலே போய்விட்டது என்று கணக்கு காட்டிய பிறகே வலைபோடும் நேரத்தைத் தாராளமாக்குகிறார்கள். ஆகவே கோபுரத்தில் நின்று எண்ணும் ஓர் இளைஞரின் தாள் அன்றைய பொழுதிலேயே கீழ்நதியின் நூற்றுக்கணக்கான படகுகளின் தொழிலைத் தீர்மானிக்கிறது. 2022 ஆம் ஆண்டில் பிரிஸ்டல் விரிகுடாவுக்குத் திரும்பிய சொக்கை சால்மன் ஏறத்தாழ 7 கோடியே 90 இலட்சம். மறுபுறம், யூக்கோன் ஆற்றின் சின்னூக் அருகிவிட்டதால், அலாஸ்காவும் கனடாவும் 2024 இல் உடன்பாடு செய்து அந்த இனத்தைப் பிடிப்பதை ஏழாண்டுகளுக்கு நிறுத்தின. ஏழாண்டு என்பது அம்மீனின் ஒரு முழு வாழ்க்கைச் சுற்று.

எண்ணுவதோடு அளப்பதும் உண்டு. அங்கே சால்மனின் நீளத்தை மூக்கிலிருந்து அளப்பதில்லை. கண்ணின் நடுவிலிருந்து வாற்கவடுவரை அளக்கிறார்கள். முட்டையிடும் காலம் நெருங்கும்போது, குறிப்பாக ஆண்மீனுக்கு, மூக்கும் தாடையும் நீண்டு கொக்கிபோல் வளைந்துவிடுவதே காரணம். உடலின் இடப்பக்கத்தில், முதுகுச்செட்டைக்குச் சற்றுப் பின்னும் பக்கக்கோட்டுக்குச் சற்று மேலுமாக ஓரிடத்திலிருந்து செதில் எடுத்து, பசையட்டையில் வரிசையாக ஒட்டுகிறார்கள். குளிர்காலத்தில் நெருங்கியும் கோடையில் அகன்றும் செதிலில் விழும் வளையங்களை உருப்பெருக்கியில் பார்த்து, அந்த மீன் எத்தனை ஆண்டு ஆற்றிலும் எத்தனை ஆண்டு கடலிலும் இருந்தது என்று சொல்லிவிடுகிறார்கள். நம் வாவியில் குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் அவ்வளவு தெளிவான ஆண்டு வளையங்களை எதிர்பார்க்க முடியாது. ஆகவேதான் நமக்கு நீள அட்டவணை அவ்வளவு முக்கியமாகிறது. நிர்வாகியின் படங்களில் இந்த ஒப்பீடு இல்லை. ஓய்வுபெற்ற பயிற்றுநரிடம் தேநீர் நேரத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அவரையே அந்த வகுப்பையும் எடுக்கச் சொல்லியிருந்தால் இரு பகுதிகளும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும்.

அவர் அன்று சொன்ன மற்றொரு செய்தியும் நினைவில் நிற்கிறது. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து அம்பாறை மாவட்ட எல்லைக்குள்ளும் நீண்டு, பாலமீன்மடுவிலும் பெரியகல்லாற்றிலும் கடலோடு கலக்கிறது. மீன் எந்நேரமும் எங்கும் திரியும் இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் வேலி கட்டி எண்ண முடியாது. ஆனால் இங்கும் ஒடுங்கிய வாயில் இருக்கிறது. இறாலும் மணலையும் வாவியில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகின்றவை. சால்மனின் பயணத்துக்கு நேர் எதிர்த்திசை. கார்த்திகை, மார்கழி மழையில் வெள்ளம் ஏறி, மூடிக்கிடந்த மணற்றிட்டு வெட்டப்படும்போது அவை நீரோட்டத்தோடு வெளியேறுகின்றன. அந்த இரவுகளில் வலையோடும் அத்தாங்கோடும் முகத்துவாரத்தில் கூடும் மீனவர்களுக்கு இது பரம்பரையாகத் தெரிந்த கணக்கு. தரவு சேகரிப்பாளர்களின் ஒப்பந்தமோ புரட்டாதியோடு முடிந்துவிடுகிறது. மிக முக்கியமான அந்த நாட்களில் தாளோடு நிற்க எவருமில்லை. திட்டத்துக்குப் பணம் கொடுப்பவர்களின் நாட்காட்டி வேறு, வாவியின் நாட்காட்டி வேறு.

இப்போது வெளிநாட்டு இணைப்புக் கட்டணம். அலாஸ்காவில் சால்மன் கணக்கெடுக்கும் பருவகால வேலைகளில் பெரும்பகுதி மாநில அரசின் மீன், வனவிலங்குத் திணைக்களத்துக்கு உரியவை. அவற்றுக்கு விண்ணப்பிக்க அமெரிக்காவில் வேலைசெய்வதற்கான சட்டரீதியான அனுமதி வேண்டும். விண்ணப்பமும் நேரடியாக அரசின் இணையத்தளத்தில்தான். நடுவே ஒரு முகவருக்கு வேலையே இல்லை. வட பசிபிக் மீன்பிடிக் கப்பல்களில் ஏறி மீனைப் பதிவுசெய்யும் கண்காணிப்பாளர் வேலை தனியார் ஒப்பந்த நிறுவனங்கள் வழியாகக் கிடைப்பது உண்மை. அதற்கு உயிரியல் சார்ந்த பட்டம் கேட்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அங்கும் அமெரிக்க வேலை அனுமதி முன்னிபந்தனை. கனடாவிலும் வேலை அனுமதிப் பத்திரம் இன்றி வெளிநாட்டார் எவரும் அவ்வகை வேலையில் சேர முடியாது. தொலைவான முகாமில் கரடிக்கும் நுளம்புக்கும் நடுவே சில மாதங்கள் மட்டும் நடக்கும் வேலைக்காக, மட்டக்களப்பிலிருந்து ஒருவரை அனுமதி பெற்று வரவழைக்க அங்குள்ள எவருக்கும் காரணம் இருப்பதாகத் தெரியவில்லை. அந்த வேலைக்கு அவர்களுடைய பல்கலைக்கழக மாணவர்களே கோடைவிடுமுறையில் போகிறார்கள்.

இவற்றையெல்லாம் நிர்வாகியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். 'அங்கே நமக்கு ஆட்கள் இருக்கிறார்கள்' என்பதே எல்லாவற்றுக்கும் பதிலாக வந்தது. இலங்கையில் வெளிநாட்டு வேலைக்கு ஆட்சேர்ப்பதற்கு, 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டபோது, தாங்கள் பயிற்சி நிலையமே தவிர முகவர் நிலையம் அல்லவென்றார்கள். பயிற்சி நிலையம் மட்டுந்தான் என்றால் இணைப்புக் கட்டணம் எதற்கு என்ற அடுத்த கேள்விக்கு, நிர்வாகிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்துவிட்டது. என்னோடு பயின்ற ஒரு தங்கை, வீட்டில் நகையை அடகுவைத்து அந்தக் கட்டணத்தைக் கட்டியவர். பருவம் முடிந்து நான் இதை எழுதும்வரை அவருக்கு விசாவும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. அவர் இன்றைக்கும் இதே வாவியில்தான் நண்டு அளந்துகொண்டிருக்கிறார், எங்களில் எவரையும்விட நேர்த்தியாக.

உள்ளூர் வேலையைப் பெற்றுத் தருவதில் நிலையம் சொன்னதைச் செய்தது. பயிற்சி முடித்தவர்களில் பெரும்பாலோர் ஒரு திட்டத்தில் பருவகாலத் தரவு சேகரிப்பாளராகச் சேர்க்கப்பட்டார்கள். பங்குனியில் கடல் அடங்கியதும் வேலை தொடங்கியது. எனக்கு வாவித் துறைகளும் சில நாட்கள் வாழைச்சேனைத் துறைமுகமும் வந்தன. வேறு சிலர் கல்முனை, திருக்கோவில், பொத்துவில் பக்கக் கரைவலைகளுக்குப் போனார்கள். கரைவலை இழுக்கும் இடத்தில் வேலைசெய்வது வாவித்துறையைவிட இலகு என்று அவர்கள் சொல்வதை நம்புகிறேன். ஒரே மடியில் எல்லா மீனும் ஒருசேர வந்து விழுகிறது, ஆட்களும் ஓரிடத்தில் நிற்கிறார்கள். வாழைச்சேனையில் பலநாட் படகுகள் வந்து சேரும்போது ஐஸோடு கிடக்கும் மீனை எடுத்து அளக்க வியாபாரிகள் விடமாட்டார்கள். அங்கே பெட்டிகளை எண்ணி, சிலவற்றை மட்டும் தெரிந்தெடுத்து அளக்கும் முறையைப் பயிற்சியில் தொட்டும் தொடாமலும் விட்டிருந்தார்கள். அது பெரிய குறை.

நாட்கூலி மோசமில்லை, ஆனால் பிந்தி வருகிறது. விடியற்காலை நான்கு மணிக்குத் துறையில் நிற்கவேண்டிய வேலைக்கு அந்நேரத்தில் பஸ் ஓடாது; சொந்த மோட்டார் சைக்கிள் இல்லாதவரின் கூலியில் ஒரு பகுதி முச்சக்கரவண்டிக்கே போய்விடும். பெற்றோல் படி தருவதாகச் சொன்னார்கள், தந்தார்கள், பற்றுச்சீட்டு கேட்டார்கள். தோணியில் ஏறிப் போகும் நாட்களுக்கு உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் போதாது என்பதும், விபத்துக் காப்புறுதி எங்கள் ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை என்பதும் சிறு விடயங்கள் அல்ல. இவை இரண்டும் எழுத்தில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையெழுத்திடவேண்டும். பெண்களை இருவர் இருவராகவே துறைகளுக்கு அனுப்பியது நல்ல ஏற்பாடு. பெரும்பாலான துறைகளில் அவர்களுக்குக் கழிவறை வசதி இல்லை என்பதற்கு நிலையம் பொறுப்பல்லவென்றாலும், எந்தத் துறைக்கு அண்மையில் எந்த வீட்டுக்காரர் உதவுவார் என்ற பட்டியலைப் பயிற்றுநரே விசாரித்து வைத்திருந்தார்.

கருவிப் பொதியில் அளவுப்பலகை உறுதியானது. ஒரு பருவம் உப்புநீரில் கிடந்தும் அதன் கோடுகள் அழியவில்லை. நண்டுக்கான இடுக்கியளவி துருப்பிடித்துவிட்டது. மின்கலத்தில் இயங்கும் தொங்குதராசு ஈரக்கையைத் தாங்காமல் முதல் மாதத்திலேயே தாறுமாறாகக் காட்டத் தொடங்கியது. நான் கடைத்தெருவில் வில்தராசு ஒன்றை வாங்கிக்கொண்டேன், அது இன்னும் சரியாக நிறுக்கிறது. எதை வைத்து நிறுத்தாலும், காலையில் எடை தெரிந்த ஒரு படிக்கல்லைத் தொங்கவிட்டுச் சரிபார்த்த பிறகே வேலையைத் தொடங்கவேண்டும் என்று பயிற்றுநர் சொல்லித்தந்த பழக்கம்தான் அந்தக் கோளாறைக் காட்டிக்கொடுத்தது. தொலைபேசிச் செயலியில் நேரடியாகப் பதியச் சொன்னார்கள். மீன்செதில் ஒட்டிய விரலுக்குத் தொடுதிரை பணிவதில்லை. பென்சிலும் தாளும்தான் கரைக்கு ஏற்றவை. மாலையில் வீட்டில் உட்கார்ந்து செயலியில் ஏற்றலாம்.

நிலையத்திடமும் திட்டத்திடமும் சேர்த்து எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பருவம் முழுவதும் கேள்வி கேட்டு எடுத்த கணக்கு எங்கே போனது என்று மீனவர் சங்கங்களுக்குச் சொல்லவே இல்லை. அலாஸ்காவில் கோபுரத்தில் எண்ணிய கணக்கை அன்றன்றே எவரும் பார்க்கலாம், படகுக்காரர் அதைப் பார்த்துத்தான் வலையை ஏற்றுகிறார். இங்கே ஒரு துறைக்கு ஒரு தாள், இந்த மாதம் ஒரு வலைக்குச் சராசரி இவ்வளவு மீன், சென்ற மாதம் இவ்வளவு என்று தமிழில் எழுதிச் சங்கக் கட்டடத்துச் சுவரில் ஒட்டுவதற்கு என்ன செலவாகும்? அதைச் செய்தால் அடுத்த பருவத்தில் “ஆருக்குக் குடுக்கப் போறீங்க” என்ற கேள்விக்குப் பதில் சுவரிலேயே இருக்கும். தரவு சேகரிக்கப் போகிறவர்களின் வேலையும் பாதியாகக் குறையும். பயிற்றுநரிடம் சொன்னேன், தாமும் பலமுறை சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

அடுத்த அணிக்கு மாசியில் ஆள் சேர்க்கிறார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ உயிரியல் சார்ந்த பட்டம் முடித்தவர்களுக்கும், பட்டம் இல்லாவிட்டாலும் வாவிக்கரையில் பிறந்து வளர்ந்து எழுத்துவேலை நேர்த்தியாகச் செய்யக்கூடியவர்களுக்கும் முதற்கூறு நிச்சயம் பயன்படும். பின்னவர்கள் எங்கள் அணியில் பட்டதாரிகளைவிடச் சிறப்பாகவே செய்தார்கள். இரண்டு கூறுகளுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பப் படிவத்தைத்தான் மேசையில் வைத்திருப்பார்கள். உள்ளூர்ப் பயிற்சிக்கு மட்டும் சேர விரும்புவதாகச் சொன்னால் அப்படியொரு முறை இல்லை என்பார்கள். சற்றுப் பொறுத்து நின்றால் உள்ளறை அலுமாரியிலிருந்து தனிப் படிவம் வரும்.